ஹைஃபாவோட நிறுத்திடாதீங்க, ஹரிதானையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

செப்டம்பர் 23 அன்னிக்கு உங்க பேப்பர்ல வந்த ஹைஃபா போர் கட்டுரைய படிச்சேன், 1918ல துருக்கிக்காரங்ககிட்ட இருந்து, இன்னிக்கு இஸ்ரேல்ல இருக்கற ஹைஃபா துறைமுகத்த நம்ம குதிரைப்படை பிடிச்ச கதை. தமிழ் பேப்பர்ல முதல் உலகப்போர் குதிரைப்படைக்கு அரைப்பக்கம் ஒதுக்கினதே பெரிய விஷயம், அதுக்கு மனசார நன்றி. ஆனா அதுல சில விஷயம் சரியா வரல, ஒரு விஷயம் வரவே இல்ல. அந்த வராத விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன், முழுசா போட இடம் இல்லன்னா சுருக்கியாவது போடுங்க, ஆனா சிரியாவுல இருக்கற ஹரிதான்ங்கற கிராமத்துல அதே படை போட்ட சண்டை பத்தின பகுதிய மட்டும் வெட்டிடாதீங்கன்னு கேட்டுக்கறேன்.

கட்டுரையில "பிரிட்டிஷ் இந்திய ராணுவம் ஹைஃபாவ பிடிச்சுது"ன்னு இருந்துச்சு. அது முழுசா சரி கிடையாது. ஹைஃபாவுக்குள்ள போனது சமஸ்தானங்களோட குதிரைப்படை. 1889 வாக்கில வெள்ளைக்காரன் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தான், ஒவ்வொரு சமஸ்தானமும் தன்னோட செலவுல ஒரு படைய வச்சுக்கணும், ஆள், குதிரை, லாயம், தீவனம், சம்பளம் எல்லாம் ராஜாவோட கஜானாவுல இருந்து, படைய நடத்துற அதிகாரிங்களும் அந்த ஊர்க்காரங்கதான், கூட ஆலோசனைக்குன்னு சில வெள்ளைக்கார அதிகாரிங்க இருப்பாங்க, சண்டைன்னு வந்தா அந்தப் படை சாம்ராஜ்யத்துக்கு உதவிக்குப் போகணும். அப்படி வந்த ரெஜிமெண்ட்டுங்கள சேர்த்துத்தான் 1914 கடைசியில இம்பீரியல் சர்வீஸ் குதிரைப்படை பிரிகேட்னு ஒண்ண எகிப்துக்கு கப்பல் ஏத்தினாங்க. ஹைதராபாத், மைசூர், பட்டியாலா மூணு ஊர் லான்சர்ஸும், அதாவது ஈட்டி ஏந்தின குதிரைப்படையும், முதல்ல போனாங்க. பட்டியாலா பிறகு வேற போர்முனைக்குப் போயிடுச்சு. ஜோத்பூர் லான்சர்ஸ் அப்ப இந்த பிரிகேட்லயே இல்ல, அவங்க பிரான்ஸ்ல சேத்துக்குள்ள மூணு வருஷத்துக்கு மேல கிடந்துட்டு 1918லதான் பாலஸ்தீனம் வந்து சேர்ந்தாங்க. பதினஞ்சாவது பிரிகேட்ங்கற நம்பரும் 1918ல போட்டதுதான்.

கஜானான்னு சொன்னேன்ல, அது யாரோட பணம்னும் சொல்லணும். மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையார் போர் ஆரம்பிச்ச உடனே 50 லட்சம் ரூபா கொடுத்தார், 1914ல 50 லட்சம்னா எவ்வளவு பெரிய தொகைன்னு யோசிச்சுப் பாருங்க. அது மண்டியா பக்கமும் கோலார் பக்கமும் நிலத்துல பாடுபட்டவன் கட்டின வரி. அதனால இந்தப் படையோட கதை ராஜாக்கள் கதையும் இல்ல, வெள்ளைக்காரன் கதையும் இல்ல, நம்ம ஜனங்களோட கதைன்னு நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணு, டெல்லி தீன் மூர்த்தி. கட்டுரையில "ஹைஃபாவுல பாய்ஞ்ச மூணு ரெஜிமெண்ட்டுக்கும் வச்ச மூணு சிலை"ன்னு போட்டிருந்தீங்க. மூணு சிலையும் ஹைதராபாத், மைசூர், ஜோத்பூர்ங்கறது சரிதான், ஆனா ஹைஃபாவுல பாய்ஞ்சது ஜோத்பூரும் மைசூரும்தான். ஹைதராபாத் லான்சர்ஸ் அந்த நேரத்துல பிடிபட்ட கைதிங்கள பின்னாடி கூட்டிட்டுப் போற வேலையில இருந்தாங்க. இத நான் ஹைதராபாத்காரங்கள குறைச்சு சொல்றதுக்காக சொல்லல, நேர் எதிர். அந்த நினைவுச்சின்னம் 1922ல வச்சது, ஹைஃபான்னு ஒரு ஊருக்காக வச்சதே இல்ல, சினாய், பாலஸ்தீனம், சிரியான்னு நாலு வருஷம் அந்த பிரிகேட் அலைஞ்ச அலைச்சலுக்கும் அதுல செத்தவங்களுக்கும் வச்சது. அந்த நாலு வருஷமும் ஹைதராபாத்காரங்க கூடவே இருந்தாங்க. 2018ல அந்த இடத்துக்கு தீன் மூர்த்தி ஹைஃபா சௌக்னு பேர் மாத்தினதுல இருந்து எல்லாருக்கும் ஹைஃபா மட்டும்தான் ஞாபகம் வருது, மிச்சம் மூணே முக்கால் வருஷம் காணாம போயிடுச்சு.

அந்த வருஷங்கள் என்னன்னு கொஞ்சமாச்சும் தெரிஞ்சுக்கணும்ல. 1915 பிப்ரவரி ஆரம்பத்துல துருக்கிக்காரங்க சினாய் பாலைவனத்த தாண்டி வந்து சூயஸ் கால்வாய்ல படகு இறக்கப் பார்த்தாங்க, அப்ப கால்வாய காத்த படையில பெரும்பகுதி இந்தியர்கள்தான், இந்த பிரிகேட்டும் அங்க இருந்துச்சு. அதுக்கப்புறம் மாசக்கணக்கா, வருஷக்கணக்கா ரோந்து. பகல்ல மணல் கொதிக்கும், ராத்திரி குளிர் நடுக்கும், குதிரைக்குத் தண்ணி எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும். பேப்பர்ல தலைப்பு போடற மாதிரி அதுல ஒண்ணுமே நடக்கல, அதனால யாரும் எழுதறதில்ல. ஆனா குதிரைப்படைக்காரன் வாழ்க்கையில முக்கால்வாசி அதுதான், காலையில எழுந்து குதிரையத் தேய்ச்சு, குளம்பு பார்த்து, சேணம் உரசின புண்ணுக்கு மருந்து போட்டு, தண்ணி காட்டி, அதுக்கப்புறம்தான் தன் சாப்பாடு. 1917 நவம்பர்ல காஸா விழுந்தப்ப, பின்வாங்கின துருக்கிப் படைய துரத்திட்டு காஸா வழியா வடக்க போனதும் இவங்கதான். இன்னிக்கு டிவியில தினமும் கேக்கற பெயிட் ஹனூன்ங்கற பேர் அன்னிக்கே இவங்க போன வழியில இருந்த ஊர்.

1918 கோடை ஜோர்டான் பள்ளத்தாக்குல. கடல் மட்டத்துக்கும் ஆயிரம் அடிக்கு மேல கீழ இருக்கற இடம், புழுதி, கொசு, மலேரியா, கோடையில அந்த ஊர்க்காரங்களே மலைக்கு ஏறிப் போயிடுற இடத்துல குதிரையையும் ஆளையும் கட்டிப்போட்டு வச்சாங்க. ஜூலை 14 அன்னிக்கு ஆத்துக்குக் கிழக்க நடந்த சண்டையில ஜோத்பூர் லான்சர்ஸோட மேஜர் தல்பத் சிங், கூட ஊதுகொம்புக்காரன் ஒருத்தன் மட்டும் வர, குழி வெட்டி வச்சிருந்த மெஷின் கன் மேலயே குதிரைய விட்டு அந்த கன்ன பிடிச்சதோட ஒரு எதிரி ரெஜிமெண்ட்டோட கமாண்டரையும் பிடிச்சுட்டு வந்தார். அதுக்குத்தான் அவருக்கு மிலிட்டரி கிராஸ்ங்கற பிரிட்டிஷ் வீரப் பதக்கம். உங்க கட்டுரையில அது ஹைஃபாவுக்குக் கொடுத்ததுன்னு வந்திருக்கு. ஹைஃபாவுல அவர் செத்தே போயிட்டார், 26 வயசு.

சரி, ஹைஃபா. கட்டுரை முழுக்க "வெறும் ஈட்டியும் வாளும் வச்சு மெஷின் கன்ன ஜெயிச்சாங்க"ன்னு ஒரு அதிசயம் மாதிரியே எழுதியிருந்தது. அதிசயம்னு சொல்லிட்டா அவங்க செஞ்ச வேலை மறைஞ்சு போகுது சார், அதான் எனக்கு ஆதங்கம். நடந்தது என்னன்னா, செப்டம்பர் 19ல பிரிட்டிஷ் தளபதி ஆலன்பி பெரிய தாக்குதல ஆரம்பிச்சு துருக்கி முன்வரிசை உடைஞ்சு போச்சு, குதிரைப்படை அந்த ஓட்டை வழியா உள்ள பாய்ஞ்சுது. படை மேல மேல வடக்க போகணும்னா சாப்பாடும் குண்டும் கப்பல்ல வந்து இறங்கணும், அதுக்கு ஹைஃபா துறைமுகம் வேணும். ஊர காலி பண்ணிட்டாங்கன்னு விமானத்துல இருந்து தகவல் வந்ததுன்னு 22ம் தேதி கவச கார்கள அனுப்பினாங்க, அதுங்க பீரங்கி அடி வாங்கிட்டு திரும்பிச்சு. அப்புறம்தான் 23ம் தேதி இந்த பிரிகேட்டோட முறை.

இடது பக்கம் கார்மேல் மலை, வலது பக்கம் கிஷோன் ஆறு, நடுவுல குறுகலான பாதை, மலை மேல பீரங்கி, பாதைய பார்த்தாப்ல மெஷின் கன். பிரிகேடியர் ஹார்போர்ட் என்ன பண்ணார்னா மைசூர் லான்சர்ஸ்ல ஒரு ஸ்குவாட்ரன, அதாவது ரெஜிமெண்ட்டோட ஒரு பிரிவ, மலை மேல அனுப்பினார், செங்குத்தான ஒத்தையடிப் பாதை, குதிரை ஏற முடியாம இறங்கி இழுத்துட்டு ஏறவேண்டிய இடம், அவங்களுக்குப் பின்னாடி ஷெர்வுட் ரேஞ்சர்ஸ்ங்கற வெள்ளைக்காரக் குதிரைப்படையில ஒரு ஸ்குவாட்ரன். அவங்க மேல போய் பீரங்கிக்காரங்கள சமாளிக்கறதுக்கும் கீழ ஜோத்பூர் பாயறதுக்கும் நேரம் ஒத்துப்போகணும். ஒரு குதிரை பீரங்கிப்படையும் மெஷின் கன்னும் துணைக்கு. மதியம் 2 மணிக்கு ஜோத்பூர் லான்சர்ஸ் கிளம்பினாங்க, முதல்ல ஆத்தோரம் போகலாம்னு பார்த்தா கரை முழுக்க புதைமணல், முன்னாடி போன குதிரைங்க உள்ள இறங்கிடுச்சு. அந்த குண்டு மழையில, நாலு கால் பாய்ச்சல்ல வர ரெஜிமெண்ட் அப்படியே இடது பக்கம் திரும்பி மலையடிவாரத்துல மெஷின் கன் வரிசை மேல ஏறி, அத முடிச்சுட்டு மறுபடி ஊருக்குள்ள போற வழியப் பிடிச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, நூத்துக்கணக்கான குதிரை ஓட்டத்துல திசை மாறணும்னா அது வருஷக்கணக்கான பயிற்சி, குதிரையும் ஆளும் ஒருத்தர ஒருத்தர் நம்பற நம்பிக்கை, கலங்காத அதிகாரிங்க. அதிசயம்னு ஒரே வார்த்தையில போடறத விட இத எழுதினாத்தான் அவங்களுக்கு மரியாதை. 1350 பேருக்கு மேல கைதி, 17 பீரங்கி, 11 மெஷின் கன் பிடிபட்டுச்சு. நம்ம பக்கம் 8 பேர் செத்தாங்க, 34 பேருக்கு காயம். குதிரை 60 செத்துச்சு, 83க்கு காயம். ஆளுங்க கணக்கையும் குதிரைங்க கணக்கையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாலே அந்த குண்டுங்கள யார் வாங்கினதுன்னு புரியும்.

கட்டுரை அதோட முடிஞ்சிருச்சு, "இதுவே உலகத்தின் கடைசி குதிரைப்படைத் தாக்குதல்"னு ஒரு வரியோட. அது தப்புங்க. பர்மாவுல 1942லயே டௌங்கூ பக்கம் ஜப்பான்காரங்க மேல குதிரைமேல பாய்ஞ்ச கதை இருக்கு, அது கூட வேண்டாம், இதே பிரிகேட், இதே மைசூரும் ஜோத்பூரும், ஹைஃபா முடிஞ்சு 33 நாள்ல மறுபடி பாய்ஞ்சாங்க. அந்த இடம்தான் ஹரிதான்.

ஹைஃபாவுல இருந்து இவங்க டமாஸ்கஸ் பக்கம் போனாங்க, அக்டோபர் 1ல டமாஸ்கஸ் விழுந்துச்சு. அதுக்குள்ள ஜோர்டான் பள்ளத்தாக்குல ஏறின மலேரியா வேலைய காட்ட ஆரம்பிச்சிருச்சு, கூடவே அந்த வருஷத்து விஷக் காய்ச்சலும். மொத்த குதிரைப்படையும் படுத்துருச்சு, நாலாவது டிவிஷன் மேல போக முடியாத நிலைமை. இந்த பிரிகேட் இருந்த அஞ்சாவது டிவிஷன் மட்டும், அதோட தளபதி மக்காண்ட்ரூ விடாப்பிடியா இருந்ததால, ஹோம்ஸ், ஹமா வழியா அலெப்போ வரைக்கும் போச்சு. செப்டம்பர் 19ல கிளம்பினதுல இருந்து கணக்கு போட்டா ஐந்நூறு மைலுக்கு மேல, அதே குதிரை, அதே ஆள். காலியான சேணங்கள் வரிசையில நிறைய இருந்திருக்கும்.

அக்டோபர் 25 ராத்திரி அரபுப் படை அலெப்போவுக்குள்ள புகுந்துச்சு. மறுநாள் 26ம் தேதி காலையில இந்த பிரிகேட்ட ஊருக்கு மேற்கால சுத்தி அனுப்பி, அலெக்ஸாண்ட்ரெட்டா பக்கம் போற ரோட்டுல பின்வாங்கற துருக்கிப் படைய மறிக்கச் சொன்னாங்க. எதிரில ஆயிரம் பேர் வரைக்கும் இருப்பாங்க, ஒண்ணுக்கும் ஆகாத கூட்டம்ங்கற மாதிரி தகவல். அலெப்போவுக்கு வடமேற்க ஹரிதான்ங்கற கிராமத்துக்கிட்ட போய்ப் பார்த்தா அது அப்படி இல்ல, மூவாயிரம் பேர் அளவுக்கு இருந்தாங்க, பீரங்கியும் இருந்துச்சு, அந்தப் பக்கத்து துருக்கிப் படைக்கெல்லாம் தலைவரா இருந்தவர் முஸ்தபா கமால், பின்னாடி துருக்கிக் குடியரசுக்கே முதல் ஜனாதிபதி ஆனவர்.

மைசூர் லான்சர்ஸ் பக்கவாட்டுல சுத்தி வந்து பாய்ஞ்சாங்க, பின்னாடி ஜோத்பூரோட ஸ்குவாட்ரன்கள். எதிரி வரிசை நினைச்சத விட நீளம், அதனால இன்னும் சுத்தவேண்டியதாப் போச்சு. முன்வரிசைக்குள்ள புகுந்துட்டாங்க, ஈட்டியால குத்தினாங்க, துருக்கிக்காரங்கள்ல சிலர் துப்பாக்கிய கீழ போட்டுட்டாங்க. ஆனா வந்தவங்க இவ்வளவு கொஞ்சப் பேர்தான்னு புரிஞ்ச உடனே கீழ போட்ட துப்பாக்கிய மறுபடி எடுத்து சுட ஆரம்பிச்சாங்க. பின்வாங்கறத தவிர வழியில்ல. ஜோத்பூரோட சீனியர் வெள்ளைக்கார அதிகாரி ஹோல்டன் அங்கயே செத்தார். பின்வாங்கி வந்து ஓடிப்போகல, அங்கயே இறங்கி எதிரிய பார்த்துட்டு உக்காந்தாங்க, துருக்கியோட பெரிய படை முன்னேறி வந்து நின்னுச்சு, ராத்திரி வெகுநேரம் கழிச்சு 14வது பிரிகேட் வந்து சேர்ற வரைக்கும் இவங்கதான் அந்த ரோட்ட தாங்கினாங்க.

அன்னிக்கு 21 பேர் செத்தாங்க, 56 பேருக்கு காயம், 3 பேர் காணோம்.

ஹைஃபாவுல எட்டு, ஹரிதான்ல இருபத்தியொண்ணு. நாலே நாள்ல, அக்டோபர் 30 அன்னிக்கு முத்ரோஸ்ல துருக்கி போர்நிறுத்தக் கையெழுத்து போட்டுச்சு, 31 மதியம் சண்டை நின்னுச்சு. இன்னும் அஞ்சு நாள் தள்ளிப் போயிருந்தா அந்த 21 பேரும் ஊர் திரும்பியிருப்பாங்க. அவங்க ஊர்ல வீட்டுக்காரங்களுக்கு போர் முடிஞ்ச சேதியும் சாவு சேதியும் அடுத்தடுத்து வந்திருக்கும். இதப் பத்தி ஒரு வரி கூட நம்ம ஊர்ல யாரும் எழுதறதில்ல. ஹைஃபாவுக்கு ஒரு நாள் இருக்கு, இந்திய ராணுவத்தோட 61வது கேவல்ரிங்கற குதிரைப்படை வருஷா வருஷம் செப்டம்பர் 23ல ஹைஃபா நாள் கொண்டாடுது, பிரதமர் 2017ல ஹைஃபா கல்லறையில போய் மாலை வச்சார், எல்லாம் நல்லதுதான். ஹரிதானுக்கு ஏன் ஒண்ணுமில்லன்னா அங்க ஊர் பிடிபடல, பீரங்கி பிடிபடல, பேப்பர்ல போட படம் இல்ல, இன்னிக்கு அந்த நாட்டோட நமக்கு பெரிய அரசியல் கொடுக்கல் வாங்கலும் இல்ல. செத்தவன் அதெல்லாம் பார்த்தா செத்தான்? ஜெயிச்ச சண்டையில செத்தவனுக்கு மாலை, ஜெயிக்காத சண்டையில செத்தவனுக்கு மறதின்னா அது நியாயமே இல்ல சார், அதுவும் ரெண்டு இடத்துலயும் பாய்ஞ்சது ஒரே ஆளுங்க.

இன்னொரு கொடுமையும் சொல்லணும். எகிப்து, பாலஸ்தீனப் போர்ல செத்த இந்தியர்கள் நாலாயிரம் பேர் அளவுக்கு பேர் போட்டு சூயஸ் கால்வாய் ஓரம் போர்ட் தௌஃபிக்ல 1926ல ஒரு பெரிய நினைவுச்சின்னம் கட்டினாங்க. 1967க்கும் 1973க்கும் நடுவுல நடந்த எகிப்து இஸ்ரேல் சண்டையில அது சிதைஞ்சு போச்சு. அப்புறம் 1980ல கெய்ரோவுல ஹெலியோபொலிஸ் கல்லறையில மறுபடி அந்தப் பேருங்கள வச்சாங்க. யாரோ ரெண்டு பேர் போட்ட சண்டையில நம்மாளுங்க பேர் ரெண்டாவது தடவை அழிஞ்சுது, நமக்கு அது சேதியாவே வரல.

"ஹைஃபாவ விடுதலை பண்ணாங்க"ங்கற வார்த்தையையும் கொஞ்சம் பார்த்து போடுங்கன்னு கேக்கறேன். துருக்கி சாம்ராஜ்யம் போய் பிரிட்டிஷ் ஆட்சி வந்துச்சு, சிரியாவுல பிரெஞ்சு வந்துச்சு, அந்த மண்ணுக்காரங்களுக்கு என்ன விடுதலை கிடைச்சுதுன்னு நூறு வருஷமா பார்த்துட்டுத்தானே இருக்கோம். நமக்கும் என்ன கிடைச்சுது, சண்டை முடிஞ்ச அஞ்சு மாசத்துல ரௌலட் சட்டம், 1919 ஏப்ரல் 13ல ஜாலியன்வாலா பாக். அந்த வீரனோட தைரியத்த கொண்டாட அவன் எஜமானனோட சண்டைய நியாயப்படுத்தணும்னு அவசியம் இல்ல, ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கற அறிவு நம்ம வாசகர்களுக்கு இருக்கு.

தெற்கத்திக்காரன் சண்டைக்கு லாயக்கில்லன்னு ஒரு கொள்கையே வச்சிருந்தான் வெள்ளைக்காரன், மெட்ராஸ் படையில தளபதியா இருந்துட்டுப் போன ராபர்ட்ஸ் பிரபுதான் அதுக்கு முக்கியமான ஆள், அதனால மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுங்க ஒண்ணொண்ணா குறைஞ்சுது. அப்படி இருந்தும் கால்வாய்ல இருந்து அலெப்போ வரைக்கும் போன அந்த பிரிகேட்டுக்கு நாலு வருஷமும் தூணா இருந்தது ரெண்டு தென்னிந்திய சமஸ்தானத்தோட படை. இது பாடப்புத்தகத்துல வரவேண்டிய விஷயம், நம்ம ஊர் பத்தாங்கிளாஸ் புத்தகத்துல இத ஒரு பத்தியாவது போடலாம்.

கடைசியா ஒரு கோரிக்கை. நான் இருக்கறது பெங்களூர்ல, இங்க ஜெ.சி. நகர்ல மைசூர் லான்சர்ஸ் நினைவுத்தூண் இருக்கு. எகிப்துலயும் பாலஸ்தீனத்துலயும் செத்த மைசூர் வீரர்களோட பேர் அதுல பொறிச்சிருக்கு, டிராஃபிக்ல தினமும் ஆயிரக்கணக்கான பேர் அத தாண்டிப் போறாங்க, நிறைய பேருக்கு அது எதுக்குன்னு தெரியாது. உங்க பெங்களூர் பதிப்பு நிருபர அங்க அனுப்பி அந்தப் பேருங்கள படம் எடுத்து, வர்ற அக்டோபர் 26 அன்னிக்கு ஹரிதான் பத்தின குறிப்போட தமிழ்ல அச்சடிங்க. பேர் சின்ன எழுத்துல வந்தாலும் பரவாயில்ல, எல்லாப் பேரும் வரணும்.

இப்படிக்கு,
பெங்களூரிலிருந்து உங்க நீண்ட நாள் வாசகர்